முன் கம்பம்

"இன்றைக்கு மூலை உதையிலிருந்து ஒரு கோல் வாங்கினாலும், நிர்வாகக் குழுவிடம் உனக்காகப் பேச என்னிடம் எதுவும் இருக்காது."

யூலியா குனிந்து சப்பாத்துக் கயிற்றை முடிந்தபடியே இதைச் சொன்னாள். முகத்தைப் பார்த்துக் கதைப்பவள் அவள். இன்றைக்கு நிமிரவேயில்லை.

"சரி" என்றாள் துஷாரா. வேறென்ன சொல்வது?

ஃபுருலியா கழகத்தின் பெண்கள் அணிக்கு யூலியா தலைமைப் பயிற்றுநர். அவளுக்குக் கீழே ஒரேயொரு வேலைக்கென்று அமர்த்தப்பட்டவள் துஷாரா. மூலை உதை, தண்டனை உதை, கோட்டுக்கு வெளியே இருந்து எறிகிற பந்து என்று ஆட்டம் நின்று பந்து அசையாமல் கிடக்கிற கணங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. நோர்வேஜியர் அதைச் செத்த பந்து என்பார்கள். ஸ்டோவ்னரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தபோது அம்மா யோகாம்பாள் நம்பவே மறுத்துவிட்டார்.

"பந்து செத்தாப் பிறகு நீ போய் என்னத்தைப் படிப்பிக்கப் போறாய்? செத்ததுக்குக் கிருத்தியம் செய்யிறவை ஐயர்மார் எல்லோ?"

சிரிக்கச் சிரிக்கச் சொன்ன பேச்சுத்தான். ஆனாலும் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வீடு திரும்பும் ரயிலில் அது அவளுக்கு ஞாபகம் வரும். இந்த வேலையின் இயல்பே அப்படி. மூலை உதையில் கோல் அடித்தால் அடித்தவளின் பெயர் பத்திரிகையில் வரும். வாங்கினால் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று துஷாராவிடம் கேட்பார்கள்.

போன வாரம் அப்படித்தான் நடந்தது. முதற் பிரிவில் எஞ்சியிருக்கும் ஒரேயொரு இடத்துக்கு, கீழ்ப் பிரிவிலிருந்து மேலேறத் துடிக்கும் ஸ்டுர்வான் அணியோடு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். அந்த ஒன்றும் மூலை உதையில் வந்தது. இன்று ஒஸ்லோவில், சொந்த மைதானத்தில், இரண்டாவது. இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டித்தான் முடிவு; ஒரு கோல் அடித்தால் கணக்குச் சமன், கூடுதல் நேரம் கிடைக்கும். இன்னொன்று வாங்கிவிட்டால் ஃபுருலியா கீழே போகும், துஷாரா வெளியே போவாள்.

ஆட்டத்துக்கு முன் எதிரணியின் பெயர்கள் வந்தன. மாற்று வீராங்கனைகளின் பகுதியில் பதினேழாம் இலக்கத்துக்கு நேரே சோபிகா அருளானந்தன் என்றிருந்தது.

துஷாரா அந்தப் பெயரில் விரலை வைத்தாள். முழங்கால் சத்திரசிகிச்சை என்றல்லவா கேள்விப்பட்டாள்? போன வாரமும் இவள் இல்லையே.

லோறென்ஸ்கூக்கில் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் சின்னப் பெண்களுக்கு ஞாயிறுகளில் துஷாரா பந்து பழக்கிய காலத்தில், அந்தக் கூட்டத்திலேயே மிகக் குட்டையான பிள்ளை சோபிகா. தமிழ்ப் பள்ளி முடிந்து பசியோடு நேரே மைதானத்துக்கு வருகிற பிள்ளைகள். மூலை உதை முறைகளுக்கு இலக்கம் வைத்தால் மறந்துபோனார்கள். சாப்பாட்டுப் பெயர் வைத்தவுடன் ஒருத்தியும் மறக்கவில்லை. குழலுக்குள் அடைத்த மாவைப்போல நெருக்கியடித்து நின்று, எல்லோரும் உதைப்பவளுக்குக் கிட்டவுள்ள முன் கம்பத்துக்குப் பாய்ந்தால் அது புட்டு. பந்து எல்லோர் தலைக்கும் மேலாக நீண்டு பின் கம்பத்தில் போய் விழுந்தால் சொதி. சிக்கலாக ஓடிக் குட்டையாகத் தட்டிக்கொண்டால் இடியப்பம்.

ஃபுருலியாவுக்கு வந்தபோது அந்தப் பெயர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கைச் சைகை காட்டினால் எதிரணிகள் ஒளிப்பதிவைப் பார்த்து ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுகின்றன. கோட்டருகே நின்று தமிழில் கத்தினால் எவருக்கு என்ன விளங்கும்? நோர்வேஜியப் பெண்களுக்கு அது பெரிய பகிடி. அணித்தலைவி மாரித் 'புட்டு' என்பதை 'பூத்து' என்றுதான் சொல்வாள். யூலியாவும் பாராட்டினாள். அவை எங்கிருந்து வந்தவை என்று யாரும் கேட்கவில்லை, துஷாராவும் சொல்லவில்லை.

இப்போது போய்ச் சொல்ல வேண்டும். யூலியா பத்தடி தூரத்தில்தான் நின்றாள். சொன்னால் எப்படிக் கேட்கும்? முதற் பிரிவு அணி ஒன்றின் இரகசியமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று கேட்கும். நிமிராமல் கயிறு முடிந்துகொண்டு பேசிய ஒருத்தியிடம் அதைப் போய்ச் சொல்வதா? சோபிகாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட இல்லை. மறந்திருப்பாள். மாற்று வீராங்கனைதானே, இறங்காமலும் போகலாம்.

துஷாரா தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

உண்மையில், அந்தப் பெயரைப் பார்த்தவுடன் அவளுக்கு முதலில் வந்த நினைவு வேறு. இந்த வசந்தத்தில் சோபிகா தொலைபேசியில் அழைத்திருந்தாள். "அக்கா, உங்கடை கிளப்பிலை என்னை ஒருக்கா விளையாடிப் பாக்கச் சொல்லுவியளோ?" என்றாள். "இப்ப இடமில்லையாம் சோபி, கேட்டுப் பாத்தனான்" என்று துஷாரா பதில் சொன்னாள். கேட்கவேயில்லை. வந்து மூன்று வருடமாகவில்லை, அதற்குள் தன் ஆட்களை உள்ளே இழுக்கிறாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும். அப்படித்தான் அன்றைக்குத் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். "சரி அக்கா, தாங்ஸ்" என்ற அந்தப் பிள்ளையின் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இருக்கவில்லை.

கார்த்திகை மாதத்துப் பகல் மூன்று மணிக்கே செத்துவிட, விளக்குகள் போட்டார்கள். மைதானத்தின் பிளாஸ்ரிக் புல்லில் உறைபனி மினுங்கியது. எதிர்ப்பக்க இருக்கைகளில் அம்மா யோகாம்பாளின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. பக்கத்தில் சிவமலர், சோபிகாவின் தாய். இருவரும் ஒரு கம்பளியைக் கால்மேல் போட்டுக்கொண்டு, ஒரே போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதற் பாதியில் கோல் இல்லை. ஃபுருலியாவுக்குக் கிடைத்த ஒரேயொரு மூலை உதையை மாரித் வானத்துக்கு அடித்தாள். இரண்டாம் பாதியின் நடுவில் ஸ்டுர்வான் பயிற்றுநர் பதினேழாம் இலக்கப் பலகையைத் தூக்கினார்.

சோபிகா வளர்ந்திருக்கவில்லை. அதே குட்டை. வலது முழங்காலில் கறுப்புக் கட்டு. உள்ளே ஓடும்போது துஷாராவைப் பார்த்துத் தலையை அசைத்தாள், கோயிலில் கண்டால் அசைப்பதைப்போல.

கொஞ்ச நேரத்தில் ஃபுருலியாவுக்கு மூலை உதை. மாரித் பந்தை வைத்துவிட்டுத் துஷாராவைப் பார்த்தாள்.

"புட்டு!"

மாரித் கையை உயர்த்த முன்னரே சோபிகா முன் கம்பத்துக்கு ஓடியிருந்தாள். ஓடிக்கொண்டே தன் அணிக்கு நோர்வேஜியனில் கத்தினாள்: "முன்னுக்கு! எல்லாரும் முன்னுக்கு!" பந்து வந்தபோது அங்கே மூன்று பேர் காத்திருந்தார்கள். வெட்டித் திருப்பிய பந்து மறுபக்கம் ஓடி, ஃபுருலியாவின் கோல்கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது.

தற்செயலாக இருக்கலாம். இருக்கட்டும், இன்னொரு முறை பார்க்கலாம்.

இன்னொரு முறையும் வந்தது. "இடியப்பம்!" என்றாள். சோபிகா மூலைக் கொடியை நோக்கி நடந்துபோய், மாரித்துக்கு முன்னால், குட்டையாகத் தட்டுகிற வழியை மறித்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் முகத்தில் மெல்லிய சிரிப்பு. கேலி என்று சொல்ல முடியாது. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையின் சிரிப்பு.

ஸ்டுர்வான் வீராங்கனை ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டு விழ, ஆட்டம் நின்றது. ஃபுருலியாப் பெண்கள் தண்ணீர் குடிக்கக் கோட்டருகே வந்தார்கள். யூலியா துஷாராவின் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கொண்டுபோனாள்.

"பதினேழுக்கு எப்படித் தெரியும்?"

"அவள் தமிழ்."

"தமிழ் தெரிந்தால் அது சாப்பாடு என்று தெரியும். எந்தச் சாப்பாடு முன் கம்பம் என்று எப்படித் தெரியும்?"

துஷாரா பதில் தேடினாள். கிடைத்தது உண்மை மட்டுந்தான்.

"நான் பழக்கிய பிள்ளை. சின்ன வயதில். இதே பெயர்கள்."

யூலியாவின் நீலக் கண்கள் அசையவில்லை. "இன்றைக்கு அவள் இருக்கிறாள் என்று எப்போது தெரியும்?"

"பெயர்கள் வந்தபோது."

"பார்த்தாய். சொல்லவில்லை."

"இல்லை."

"நீ அவளோடு கடைசியாக எப்போது பேசினாய்?"

அந்தக் கேள்வியின் உள்ளே இருந்தது துஷாராவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. அவளே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாளா என்றுதான் யூலியா கேட்கிறாள். மூன்று வருடம் எந்தச் சொல் வரக்கூடாது என்று பயந்தாளோ, அதைவிடக் கேவலமான ஒன்று இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

"வசந்தத்தில். விளையாட இடம் கேட்டாள். இல்லையென்று சொன்னேன்" என்றாள். பிறகு, யூலியா வாயைத் திறப்பதற்குள், "இதை நான் சரிசெய்கிறேன்" என்றுவிட்டு வீராங்கனைகளிடம் போனாள்.

"அடுத்த மூலை உதைக்கு நான் என்ன கூப்பிட்டாலும் சொதி. விளங்குதா? புட்டு என்று கத்தினாலும் சொதி. முகத்தில் காட்டிவிடாதீர்கள்."

"நீ புட்டு என்பாய், நாங்கள் சொதி போட வேண்டும்" என்றாள் மாரித். "என் பாட்டி வீட்டிலும் சாப்பாடு இப்படித்தான்."

யாரோ சிரித்தார்கள். துஷாராவால் முடியவில்லை. தடுப்பாட்டக்காரி ஃப்ரீடா போத்தலை மூடியபடி அவளைப் பார்த்தாள். "அந்தச் சின்னவளை ஏமாற்றப் போகிறோமா?"

"ஆட்டம்தானே" என்றாள் துஷாரா.

மூலை உதை கிடைக்கும்வரை அவள் கைகளைக் குளிரங்கிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கிடைத்தபோது மாரித் வழக்கம்போல அவளைப் பார்த்தாள். அவளுக்கப்பால் சோபிகாவும் பார்த்தாள். காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படிக் கேட்டாளோ அப்படி, கழுத்தைச் சற்று முன்னுக்கு நீட்டி.

"புட்டு!" துஷாரா முழுத் தொண்டையாலும் கத்தினாள்.

சோபிகா முன் கம்பத்துக்குப் பறந்தாள். கையை வீசி இன்னும் இரண்டு பேரை இழுத்தாள். பந்து அவர்கள் எல்லோருடைய தலைக்கும் மேலாக நீண்டு போய்ப் பின் கம்பத்தில் இறங்க, அங்கே யாரும் காவலில்லாமல் நின்ற ஃப்ரீடா நெற்றியால் முட்டினாள். கோல்.

இருக்கைகளில் இருந்தவர்கள் எழுந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யூலியா துஷாராவின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். எதிர்ப்பக்கத்தில் சிவப்புத் தொப்பி துள்ளி எழுந்து கை தட்டியது. பிறகு பக்கத்தில் இருந்தவரைக் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாக அமர்ந்தது.

சோபிகா முன் கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள். அவளுடைய கோல்காப்பாளர் முகத்துக்கு நேரே வந்து கத்தினாள். பயிற்றுநர் இரு கைகளையும் விரித்து அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் மைதானத்தின் குறுக்கே துஷாராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால் துஷாராவுக்கு இலகுவாக இருந்திருக்கும். அந்தப் பார்வை பழைய ஏதோ ஒன்றை எடுத்துத் திரும்பச் சரிபார்ப்பதைப்போல இருந்தது. 'கேட்டுப் பாத்தனான், இடமில்லையாம்.' அதைத்தானோ?

இல்லை, ஒரு ஆட்டத்துக்குள் யாருக்கு அதெல்லாம் ஞாபகம் வரும்? துஷாரா தலையை உதறிக்கொண்டாள்.

இப்போது கணக்குச் சமன். கூடுதல் நேரத்துக்குப் போனால் ஃபுருலியாவின் கால்களில் இன்னும் ஓட்டம் இருக்கிறது, ஸ்டுர்வான் களைத்துவிட்டது. ஆட்டம் முடிகிற தறுவாய். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்போது ஃப்ரீடாவின் காலில் பட்ட பந்து கோட்டைத் தாண்டி உருண்டது. ஸ்டுர்வானுக்கு மூலை உதை. ஃபுருலியாவின் இருக்கைகளுக்குப் பக்கத்து மூலை.

உதைக்க வந்தவள் சோபிகா.

துஷாரா தனக்குரிய எல்லைக் கோட்டையும் தாண்டி, மூலைக் கொடிக்குக் கிட்டவரை போய் நின்றாள். சோபிகாவின் மூச்சு வெள்ளையாகப் புகைவது தெரியும் தூரம். பந்தை வைத்து, ஒருமுறை உருட்டித் திருத்தி, பின்னுக்கு நடந்துவந்தாள். துஷாராவுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"அக்கா" என்றாள், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். "புட்டு."

"என்ன?"

"முன்னுக்குத்தான் அடிக்கப்போறன். சொல்லிப்போட்டன்."

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே தள்ளுமுள்ளுப் படுகிறவர்களை விலக்கிக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது, நினைக்கப் போதுமான நேரம். ஃப்ரீடா நடுவில் நின்று துஷாராவைப் பார்த்தாள். முன்னுக்கா, பின்னுக்கா? ஒரு கையசைப்பு போதும். அணியில் தலையால் பந்தை வெல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் நிற்கிற பக்கம் பாதுகாப்பு.

துஷாரா சோபிகாவின் பக்கமுகத்தைப் பார்த்தாள். குளிரில் சிவந்த மூக்கு, இறுக்கிக் கட்டிய பின்னல். பொய் சொல்கிறாளா? சின்ன வயதில் பொய் வராத பிள்ளை. தாமதமாக வந்தால், "நித்திரையாப்போனன் அக்கா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடப் போவாள். ஆனால் அது அப்போது. சற்று முன்னர்தான் எல்லோருக்கும் முன்னால் இவளை ஏமாற்றியிருக்கிறேன். தாய்க்கு முன்னால். தன் அணியே இவளைத் திட்டியது. அதற்குப் பிறகும் ஒருத்தி வந்து உண்மையைச் சொல்வாளா? நானாக இருந்தால் சொல்வேனா? நானாக இருந்தால் முன்னுக்கு என்று சொல்லிவிட்டுப் பின்னுக்கு அடிப்பேன். இப்போதுதானே அதைச் செய்தேன்.

நானாக இருந்தால். அந்த எண்ணத்தில் அவளுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. கையை உயர்த்தி ஃப்ரீடாவைப் பார்த்து, "பின்னுக்கு!" என்று கத்தினாள்.

ஃப்ரீடா பின் கம்பத்துக்கு ஓடினாள்.

சோபிகா அதைப் பார்த்தாள். திரும்பித் துஷாராவையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஓடிவந்து இடது காலால் உதைத்தாள். பந்து தாழ்வாக, சுருண்டுகொண்டு, சொன்ன இடத்துக்கே, முன் கம்பத்துக்கே வந்தது. ஸ்டுர்வானின் நெடிய பெண் ஒருத்தி நெருக்கத்திலிருந்து பிரிந்து வந்து தலையை வைத்தாள்.

வலை அசைந்ததைத் துஷாரா பார்த்தாள். சத்தம் பிறகுதான் வந்தது.

நடுப்புள்ளியில் பந்தை வைத்து எடுத்தவுடன் நடுவர் ஊதிவிட்டார். ஸ்டுர்வான் பெண்கள் பாய்ந்து சோபிகாவைத் தூக்கினார்கள். சற்று முன்னர் கத்திய கோல்காப்பாளர்தான் முதலில் தூக்கியவள். ஃப்ரீடா பின் கம்பத்தடியிலேயே குந்தி இருந்து முகத்தைக் கையுறைகளால் மூடிக்கொண்டாள். மாரித் அவளை நோக்கி நடந்தாள். ஃப்ரீடா ஏன் அங்கே போனாள் என்று யாரோ ஒருத்தி உரக்கக் கேட்டாள்.

கைகொடுக்கும் வரிசையில் சோபிகா கடைசியாக வந்தாள். அவள் கை பனிக்கட்டியாக இருந்தது.

"நான் பொய் சொல்லேல்லை அக்கா."

"ஓம். தெரியுது." துஷாரா கையை விடவில்லை. "ஏனடி சொன்னனீ? நான் ஃப்ரீடாவை முன்னுக்கு விட்டிருந்தால் உன்ரை கோல் போயிருக்கும் எல்லோ?"

"போயிருக்கும்."

"பிறகு?"

சோபிகா மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். கொண்டாட்டத்தின் சிரிப்பு இன்னும் முழுதாக வடியாத முகம். கண்கள் மட்டும் வேறு எங்கோ நின்றன.

"நம்புவியளோ எண்டு பாக்கத்தான்" என்றாள். "நீங்கள் நம்பியிருந்தால், நான் தோத்தாலும் பரவாயில்லை எண்டு நினைச்சன். உண்மையா."

துஷாராவுக்கு வசந்தத்தில் சொன்ன பொய்யைப் பற்றிக் கேட்க வேண்டும்போல இருந்தது. உனக்கு யார் சொன்னது, எப்போது தெரியும் என்று. கேட்டால், தெரியாத ஒன்றைத் தானே சொல்லிக்கொடுத்ததாகவும் ஆகிவிடலாம். இந்தக் கணத்திலும் இப்படிக் கணக்குப் பார்க்கிறதே மனம் என்று அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"சோபி! ஜக்கெற்றைப் போடு பிள்ளை, வேர்வையோடை நிக்காதை!" வேலிக்கு அப்பாலிருந்து சிவமலர் கத்தினார். பக்கத்தில் யோகாம்பாள் போத்தல் மூடியை இறுக்கிக்கொண்டு, மகளைப் பார்த்தும் பார்க்காதவர்போல நின்றார்.

சோபிகா போய்விட்டாள். துஷாரா திரும்பியபோது உடைமாற்றும் அறைக்குப் போகும் வாசலில் யூலியா நின்றாள். இம்முறை நேராகத்தான் பார்த்தாள்.

"உதைப்பதற்கு முன்னால் பதினேழு உன்னிடம் ஏதோ சொன்னாள். நான் பார்த்தேன்."

"சொன்னாள்."

"என்ன சொன்னாள்?"

எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தமிழ் தெரிந்தவர் எவரும் அந்தப் பக்கத்தில் இல்லை. வணக்கம் சொன்னாள் எனலாம், ஏசினாள் எனலாம். ஃப்ரீடா தானாகவே இடம் மாறினாள் என்றுகூடச் சொல்லலாம், சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்? யூலியாவின் முகத்தில் களைப்பு இருந்தது. நம்புவதற்குத் தயாராக இருக்கிற களைப்பு. நிர்வாகக் குழுவிடம் கொண்டுபோக ஒரு சின்னக் காரணத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அப்பால் ஃப்ரீடா மாரித்தின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. துஷாரா அவளுக்கும் கேட்கட்டும் என்று சற்று உரத்தே சொன்னாள்.

"முன் கம்பத்துக்கு அடிக்கப் போகிறேன் என்று சொன்னாள்."

"நீ என்ன செய்தாய்?"

"ஃப்ரீடாவைப் பின்னுக்கு அனுப்பினேன்."